வாசகர் இல்லை என்றவர்களுக்குப் பிள்ளைமடுவத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மலையக எழுத்தாளர்களுக்கும், அவர்களுடைய நூல்களை வெளியிடும் இலக்கிய அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த மாதம் ஹட்டன் நகரில் நடந்த உங்கள் கூட்டமொன்றில், இனிவரும் தொகுப்பு நூல்களை 150 பிரதிகள் மட்டுமே அச்சிடுவதென்றும், அவற்றைக் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உள்ள அன்பர்களுக்கு அனுப்புவதென்றும், மலையகத்தில் வெளியீட்டு விழா நடத்துவதை நிறுத்திக்கொள்வதென்றும் முடிவெடுத்திருப்பதாக அறிவித்தீர்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரே வாக்கியம்: "மலையகத்தில் எழுத்தாளர்கள் பெருகிவிட்டார்கள், வாசகர்கள்தான் இல்லை." மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றேன். நேரம் போதாது என்று நன்றியுரைக்குப் போய்விட்டீர்கள். இரண்டு பஸ் மாறி வந்தவள் கேட்க முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். அமைப்பின் பெயரையும் மேடையில் இருந்தவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்; அந்த வாக்கியத்தை வேறு மேடைகளிலும் வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன்.

நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள். வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை தொங்கினாலும் எங்கள் வாயில் அது இன்றும் பிள்ளைமடுவந்தான். அங்கே பாய்களும் பால்மாவும் வைக்கும் அலுமாரியின் மேலிரண்டு தட்டுகளில் 2011 முதல் புத்தகங்கள் இருக்கின்றன. சில நான் வாங்கியவை, சில மாற்றலாகிப் போன ஆசிரியர் ஒருவர் விட்டுச் சென்றவை, சில நகரத்துப் பழைய பேப்பர் கடையில் நிறுத்து வாங்கியவை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, துணி துவைத்து விறகு சேர்த்து முடித்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். வாசிக்கத் தெரிந்தவள் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். நடுவில் நிறுத்தச் சொல்வார்கள், ஓரிடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள், கதையில் வரும் புருஷனை அவன் அடுத்த லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவன் போலத் திட்டுவார்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழக்கமன்று. லயத்து வாசலில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் நல்லதங்காளுக்காக அழுத காலத்தைப் பற்றி உங்கள் கட்டுரைகளில் நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அன்று கேட்டு அழுதவர்களை வாசகர் என்று கணக்கிட்ட நீங்கள், இன்று அதே முறையில் உங்கள் கதையைக் கேட்பவர்களை ஏன் கணக்கில் எடுப்பதில்லை? என்னிடம் ஓர் இரவல் கொப்பி இருக்கிறது. உங்களில் ஒருவருடைய சிறுகதைத் தொகுதி நான்கு ஆண்டுகளில் 37 தடவை இரவல் போய் வந்திருக்கிறது. அட்டை கிழிந்து, பால்மாப் பெட்டியின் மட்டையை வெட்டி ஒட்டி, அதுவும் இப்போது கிழியத் தொடங்கியிருக்கிறது. உங்கள் விற்பனைக் கணக்கில் அது ஒரு பிரதி.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததன்று. உங்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். மனைவியின் நகையை அடகு வைத்துப் புத்தகம் போட்டவர்களை அறிவேன். விற்காத பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கடியில் ஈரம் இழுத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளம் வாங்கும் நகரத்து உத்தியோகத்தர்கள் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் புத்தகங்களை விலை கேட்காமல் வாங்குகிறார்கள், உங்கள் புத்தகத்தை மட்டும் இனாமாக எதிர்பார்க்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை அவர்களிடம் காட்டத் தயங்கி, மண்டபத்தில் இல்லாத எங்கள் தலையில் இறக்கி வைப்பதுதான் நியாயமில்லை.

வாசகரை நீங்கள் எங்கே தேடினீர்கள்? கொழும்பில், வேலைநாள் ஒன்றின் மாலையில், மங்கள விளக்கேற்றி, வெளியீட்டுரையும் நயவுரையும் ஆய்வுரையும் நிகழ்ந்து, முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றுக்கொள்கிறார். அவர் கொடுக்கும் உறையில்லாமல் அச்சகக் கடன் தீராது என்பதும் எனக்கு விளங்குகிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏற்புரைக்கு முன்பே எழுந்து போய்விடும் அவர் அந்தப் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை என்பது மேடையில் இருக்கும் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், முதற்பிரதி முதல் சிறப்புப் பிரதி வரை பெறுவோர் பட்டியலை மூன்று மாதம் யோசித்துத் தயாரிக்கும் நீங்கள், அதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று ஒரு மாலைப்பொழுதாவது யோசித்ததுண்டா என்பதே என் கேள்வி.

கோ. நடேசய்யரை நீங்கள் மேடைதோறும் மலையக எழுத்தின் முன்னோடி என்று சொல்கிறீர்கள். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக்கொடுத்த காலத்தில், புடைவை வியாபாரியாகத் தோட்டத்துக்குள் நுழைந்து லயத்தின் நிலைமையைப் பார்த்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள், தாம் எழுதிய பாட்டுகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டுக் கூட்டங்களில் தாமே பாடினார். அந்தப் பிரசுரங்களுக்கு வாசகர் உண்டா என்று அவர்கள் விற்பனைக் கணக்குப் பார்த்திருந்தால் ஒன்றுகூட அச்சேறியிருக்காது. கேட்டவர்களில் மிகப் பலருக்கு எழுத்தே தெரியாது. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளையும், ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றிருந்தும், எங்கள் மக்கள் பாடிய பாட்டுகளைத் தேடிச் சேகரித்து அவற்றுக்கு நூல் வடிவம் தந்தார். இன்று தோட்டத்துக்குள் வர உங்களுக்குப் புடைவை மூட்டை தேவையில்லை. பஸ் வருகிறது, முச்சக்கர வண்டி வருகிறது, நுண்கடன் வசூலிப்பவர் கிழமை தவறாமல் வருகிறார். எழுத்தாளர்தான் வருவதில்லை.

வருவதில்லை என்று சொன்னது முழு உண்மையன்று. கதை எடுக்க வருகிறீர்கள். மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு நாடெங்கும் பேசப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போன 2023 ஆம் ஆண்டில், ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றி எங்கள் கை ஓய்ந்தது. அவ்வாறு வந்த ஓர் எழுத்தாளர், எங்கள் அத்தையிடம் இரண்டு மணிநேரம் இருந்து ஒப்பாரிகளைப் பதிவு செய்துகொண்டு போனார். நல்ல மனிதர். அத்தையின் காலில் இருந்த அட்டைக் கடியைப் பார்த்துத் தாமே உப்பு எடுத்து வைத்தார். புத்தகம் வந்ததும் முதல் வேலையாக ஒரு பிரதி கொண்டுவந்து தருவேன் என்று அவராகவேதான் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

அத்தைக்கு இப்போது 78 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். அதற்குள் அவர் கொழுந்துக் கூடை கட்டிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் புத்தகம் வரும் என்று அவர் காத்திருந்தார். நகரத்துக்குப் போய்வரும்போதெல்லாம் "எம் பாட்டு வந்துருச்சாடி?" என்று கேட்பார். எட்டு மாதம் கழித்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் தம்பி மகன் ஒரு பிரதியை வாங்கி வந்தான். விலை 1200 ரூபா. அன்று ஒரு நாள் முழுக்க மலையில் நின்று நாளுக்குரிய கொழுந்து நிறையையும் காட்டினால் கிடைத்த சம்பளம் 1000 ரூபா. வெளியீட்டு விழா கொழும்பில் எப்போதோ முடிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பிள்ளைமடுவத்தில் அதை வாசித்தோம். அத்தையின் பெயர் எங்கும் இல்லை, "ஒரு மூதாட்டி" என்று இருந்தது. அதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை. அவர் பாடியது, 1974 பஞ்சத்தில் இறந்துபோன தன் தாயை நினைத்துக் கட்டிய ஒப்பாரி:

அந்தி மழை நனைஞ்செடுத்தே, ஆத்தா நீ
அரைப்பேரு வாங்கி வந்தே.

நாள் முழுதும் நனைந்து எடுத்தும் நிறை காணாது என்று அரைநாள் சம்பளம் போட்டு அனுப்பினார்கள் என்பது பொருள். தோட்டத்தில் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் விழுவதுதான் பேர். முழுப்பேர், அரைப்பேர் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அச்சில் வந்திருந்த வரியோ, "அவப்பேரு வாங்கி வந்தே" என்பது. யாரோ ஒருவர், எழுத்தாளரோ ஒப்புநோக்கியவரோ, அரைப்பேர் என்றொரு சொல் இருக்க முடியாது என்று முடிவு செய்து திருத்திவிட்டார். நான் வாசித்ததும் மடுவம் அமைதியாகிவிட்டது. அத்தை திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பட்டினி கெடந்து செத்தவளுக்கு அவப்பேரு வச்சது யாருடி?" என்று கேட்டுவிட்டு, தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனார். பசியால் செத்த ஒரு பெண்ணை, நடத்தை கெட்டவள் என்று ஊரார் நினைக்கும்படி அவள் மகள் பாடியதாக ஒரு நூல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது நூலகங்களில் இருக்கும். நாளை யாரேனும் அதை மேற்கோள் காட்டுவார்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை, தொலைபேசியிலாவது, அந்தப் பாட்டை அத்தைக்கு வாசித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பிழை நேர்வது இயல்பு. நானும் பிள்ளைகளின் வரவுப் பதிவில் பிழை விடுபவள்தான். ஆனால் வாசிப்பவர் நாங்களல்ல என்று முடிவாகிவிட்ட பிறகு, எங்களிடம் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. நூலில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. சென்ற ஆண்டு இரண்டாவது கடிதம். அதற்கும் இல்லை.

எங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை நாங்கள் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறோம் என்பதை நீங்கள் அறிந்தால் சற்றுக் கூச்சப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். அண்மையில் வந்த கதையொன்றில் பெண் பிரம்புக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். "இப்ப யாரு கூட கட்றா? பைதானே" என்று நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றில் கங்காணி சாட்டையோடு வருகிறார். எங்கள் அலுமாரியில் உள்ள கதைகளில் பெரும்பாலானவற்றில் மழை பெய்கிறது, அவள் அழுகிறாள், அவன் சாராயத் தவறணையிலிருந்து வருகிறான். அவையெல்லாம் பொய்யில்லை. ஆனால் குளவிக் கொட்டுக்குப் பயந்து மலையில் இறங்க மறுத்த அன்று என்ன நடந்தது, நுண்கடன்காரர் வரும் கிழமையில் லயத்துக் கதவுகள் ஏன் பகலிலும் பூட்டியிருக்கின்றன, வெளிநாட்டில் வேலைக்குப் போன தாய் தொலைபேசித் திரையில் வரும்போது எங்கள் மடுவத்துப் பிள்ளை ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, இவற்றைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். யாரிடம் சொல்வது? ஹட்டன் கூட்டத்தில் நேரம் போதவில்லை.

நாங்கள் குறை மட்டுமே சொல்பவர்கள் அல்லர். மருமகளோடு பேசாமலே ஒரு வீட்டில் வாழும் மாமியாரைப் பற்றிய கதையை வாசித்த பிறகு, எங்கள் மடுவத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த இருவர் ஒருவர் பெயரில் மற்றவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார்கள். அதை எழுதியவருக்கு இது தெரியாது. தெரிவிக்க வழி இல்லை. அந்த நூலில் அச்சகத்தின் முகவரி மட்டுமே இருந்தது.

நூலகம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நூலகம் நடத்துவது பிரதேச சபைகளின் பொறுப்பு. ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட முடியாதபடி தடுத்து நின்றது. நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையின் சேவை தோட்ட எல்லையோடு நின்றுவிடும். 2018 இல்தான் அந்தத் தடை திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் நூலகம் வர வழியில்லாதிருந்த இடத்தில் வாசிப்பு எப்படிப் பிழைத்தது என்று வியப்பதற்குப் பதிலாக, அது இல்லை என்று தீர்ப்பளிக்கிறீர்கள். பிரதேச சபைகளுக்கு எழுத வேண்டிய கடிதம் வேறு, அதைத் தனியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் உங்கள் கையொப்பமும் இருந்தால் எடை கூடும்.

இப்போது நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஹட்டன் கூட்டத்து முடிவைத் திரும்பப் பெறுங்கள். 150 பிரதிகளுக்கு மேல் அச்சிட வசதியில்லை என்றால், அந்த 150 இல் 30 ஐ மலையகத்துக்கென்று ஒதுக்குங்கள். இனாமாகக் கேட்கவில்லை. எங்கள் மடுவத்தில் பன்னிரண்டு பேர் மாதம் 100 ரூபா போட்டுப் புத்தகச் சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறோம். மாதத்துக்கு ஒரு நூலை முழு விலைக்கே வாங்குவோம். இதே போல் வாசிக்கும் இடங்கள் இன்னும் நான்கைந்தை நான் அறிவேன், அவற்றின் விபரங்களைத் தரத் தயார். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்காமல் இரண்டு தவணையில் பெற்றுக்கொள்ள இசைந்தால் போதும்.

கொழும்பில் விழா நடத்துங்கள், உறையையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தடவை, சம்பளம் போட்டதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில், ஏதேனும் ஒரு தோட்டத்துக்கு எழுதியவர் நேரில் வர வேண்டும். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். இரண்டு கதையை அவரே வாசித்துவிட்டு, நாங்கள் சொல்வதை ஒரு மணிநேரம் கேட்டால் போதும்.

எங்களிடமிருந்து பாட்டோ கதையோ எடுத்தால், அச்சுக்குப் போகுமுன் தந்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். போடலாம் என்றால் போடுங்கள். தோட்டத்துச் சொல் ஒன்று உங்கள் ஒப்புநோக்குநருக்கு விளங்காவிட்டால் திருத்தாமல் எங்களைக் கேட்கச் சொல்லுங்கள். வாசகர் எழுதக்கூடிய ஒரு முகவரியை நூலில் அச்சிடுங்கள். வரும் கடிதத்துக்கு இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள்.

இறுதியாக, அந்த ஒப்பாரி நூலை வெளியிட்டவர்களுக்கு: மீதமிருக்கும் பிரதிகளில் அந்த வரிக்குத் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள், அடுத்த பதிப்பில் அத்தையின் பெயரோடு சரியாக அச்சிடுங்கள். அவரால் அதை வாசிக்க முடியாது. ஆகவே யாராவது ஒருவர் வந்து, "அரைப்பேரு" என்று அச்சாகியிருப்பதை அவர் கேட்கும்படி வாசிக்க வேண்டும். நான் வாசித்துக் காட்டினால் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழுதினவங்க வாயால வரணுமாம்.

ஹட்டனிலிருந்து எங்கள் பக்கம் வரும் பஸ்ஸில் ஏறினால், கடைசித் தரிப்பில் இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்து இடப்பக்கம் ஏற வேண்டும். இருபது நிமிட நடை. மழை நாளில் அட்டை இருக்கும், உப்பு நாங்கள் வைத்திருப்போம். ஞாயிறு மூன்று மணிக்கு அலுமாரி திறந்திருக்கும்.

இப்படிக்கு,
இரவல் கொப்பியை வைத்திருக்கும் தோட்டத்து வாசகி